சம்பந்தி கொண்டுவந்த தட்டு

அரைகுறையாக ஜெர்மன் பேசுகிறவனை இந்தச் சுவிஸ் நாட்டில் வழியில் போகிறவர்கூட நின்று திருத்திவிட்டுப் போவார். இலக்கணம் பிசகாமல் பேசுகிறவனைத் திருத்த ஒருவரும் முன்வருவதில்லை. அவன் வாயிலிருந்து எது வந்தாலும், அதைத்தான் சொல்ல நினைத்தான் என்று நம்பிவிடுகிறார்கள். என் வாழ்க்கையில் நேர்ந்த ஒரேயொரு பெரும் அவமானத்துக்குக் காரணம் இதுதான். என் உறவினர்கள் ஓல்டன் நகரம் முதல் துன் நகரம் வரை பரப்பிவருவதுபோல என் மொழியறிவின் குறை அன்று. இதை முதலிலேயே தெளிவுபடுத்துவது என் கடமை.

(அவர்கள் சொல்லும் கதையில் நான் மேடையில் மயங்கி விழுந்ததாகவும் ஒரு கட்டம் வருகிறது. நான் மயங்கவில்லை. கதிரையில் சற்று விரைவாக அமர்ந்தேன்.)

நான் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்றவன். இந்த நாட்டுக்கு வந்தபின், பட்டத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, பீல் நகரத்து முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் ஓய்வு பெறும்வரை உழைத்தேன். அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை. மாலை வகுப்புகளுக்குச் சென்று ஜெர்மன் கற்றேன். பிறந்தது முதல் இம்மொழியைப் பேசுகிறவர்களே தடுமாறும் வேற்றுமை உருபுகளில் நான் தடுமாறியதில்லை. வார இறுதிகளில் நம்மவர் விழாக்களில் தமிழ்ப் பண்பாடு பற்றி உரையாற்றுவேன். திருமணமோ பூப்புனித நீராட்டோ எதுவாயினும், 'முறை எப்படி?' என்று ஒரு சந்தேகம் எழுந்தால் தொலைபேசி என் வீட்டில்தான் ஒலிக்கும். இந்தப் பெயரை நான் தேடிப் போகவில்லை. வந்தபின் காப்பாற்றிக்கொண்டேன், அவ்வளவே.

என் மகள் மதுரா இங்கே பிறந்து, படித்து, மருந்தகமொன்றில் மருந்தாளராக இருப்பவள். அவள் லூகாஸ் என்னும் சுவிஸ் இளைஞனை விரும்பினாள். பள்ளி ஆசிரியர், பணிவானவர், எங்களோடு பேசுவதற்காகவே தமிழ் கற்றவர். நான் சம்மதித்தேன். (சம்மதிக்க ஒரு குளிர்காலம் முழுவதும் எடுத்துக்கொண்டேன் என்பது உண்மை. நிதானம் வேறு, பிற்போக்கு வேறு.)

சிக்கலைத் தொடக்கிவைத்தவன் ஓல்டனில் இருக்கும் என் மனைவியின் தம்பி குலம். சரக்குக் களஞ்சியமொன்றில் மேற்பார்வையாளன். பெட்டிகளை மேற்பார்வை செய்து பழகியதால் மனிதர்களையும் அப்படியே பார்ப்பான். உறவினர் எல்லோரும் என் வீட்டில் கூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வடையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் சொன்னான்:

"அத்தான், வெள்ளைக்காரச் சம்பந்தமெண்டா முறை தலையெல்லாம் பாக்கேலாது. ஒரு பூங்கொத்தும் ஒரு வைன் போத்திலும் கொண்டருவினம். வாங்கி வைச்சிட்டு 'மெர்சி' எண்டு நன்றி சொல்லவேண்டியதுதான். இவ்வளவு காலமும் மேடையில முழங்கினதுக்குக் கடைசியில ஒரு மெர்சி."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"குலம், கேட்டுக்கொள். என்ர பிள்ளையின்ர நிச்சயதார்த்தத்தில ஒரு முறை தவறினா, அண்டையோட நான் பண்பாட்டைப் பற்றி எந்த மேடையிலயும் வாய் திறக்கமாட்டன்."

"ஆர் சாட்சி?"

"இருக்கிற எல்லாரும் சாட்சி."

"அப்பிடி எண்டால் ஏதாவது தவறட்டுமெண்டு நேந்து வைக்கலாம்போல கிடக்கு" என்று என் மனைவி பரமேஸ் அடுப்படியிலிருந்து சொன்னாள். அதை நான் கேட்காததுபோல இருந்தேன். ஆனால், பணயம் வைத்தாயிற்று. ஒன்று முறை நிற்க வேண்டும், அல்லது நான் அமர வேண்டும்.

நிச்சயதார்த்தத்தின் உயிர் தட்டம் மாற்றுவதில் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், பலகாரம், சேலை என்று தட்டங்களில் ஏந்திவந்து சபையில் கொடுக்க, பெண் வீட்டார் பெற்றுக்கொண்டு தங்கள் தட்டங்களைக் கொடுப்பார்கள். இதை லூகாஸின் தந்தை ரூடிக்கு விளக்கும் பொறுப்பை நானே ஏற்றேன். ரூடி பீலின் கடிகாரத் தொழிற்சாலையொன்றில் பொருத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர்.

தட்டத்துக்கு ஜெர்மனில் என்ன சொல் என்பதில் எனக்கும் மகளுக்கும் முன்பே ஒரு விவாதம் நடந்திருந்தது.

"அப்பா, தாப்லெட் எண்டு சொல்லுங்கோ. அதுதான் சொல்."

"பிள்ளை, சம்பந்தியிட்ட முதன்முதலாக் கதைக்கேக்க மாத்திரை கொண்டுவாங்கோ எண்டு சொல்லச் சொல்லுறியோ?"

"மாத்திரைக்குக் கடைசியில ஒரு 'எ' வரும் அப்பா. நான் மருந்தகத்தில வேலை செய்யிறன். எனக்குத் தெரியாதோ?"

அந்த ஒரு 'எ'யை நம்பி என் குடும்ப மானத்தை ஒப்படைக்க நான் தயாராக இல்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில், பாலாடைக்கட்டியும் இறைச்சித் துண்டுகளும் அழகாக அடுக்கி விருந்துக்கு அனுப்பும் பெரிய தட்டை எல்லோரும் 'பிளாட்ட' என்றுதான் சொல்வார்கள். பல என்றால் 'பிளாட்டன்'. அச்சொல்லை ஆண்டுக்கணக்கில் கையால் சுமந்தவன் நான். அகராதியிலும் பார்த்தேன். இருந்தது. (அகராதியில் அதற்கு நேர்கீழே இருந்த வரியை நான் படிக்கவில்லை என்பது மதுராவின் குற்றச்சாட்டு. தேவையான பொருள் கிடைத்தபின் எவனும் கீழே படிப்பதில்லை.)

ரூடி ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டுக்குத் தேநீருக்கு வந்தார். மதுரா அன்று வேலையில் இருந்தாள். நடந்த உரையாடலை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் தருகிறேன். யாருடைய தவறு என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

"எங்கள் வழக்கப்படி இரண்டு குடும்பங்களும் சபையில் பிளாட்டன் மாற்றிக்கொள்வது முக்கியம்" என்றேன்.

ரூடி கோப்பையைக் கீழே வைத்தார். "பிளாட்டனா? உண்மையாகவா?"

"உண்மையாக. என் தந்தையாரின் நிச்சயதார்த்தத்திலும் நடந்தது."

"எந்தப் பிளாட்டவும் கொண்டுவரலாமா?"

"உங்கள் வீட்டில் இருப்பதில் மிகச் சிறந்ததை."

"அது மிகப் பழையது" என்றார் தயக்கத்துடன்.

அவருடைய பாட்டனார் காலத்து வெள்ளித் தட்டு என் மனக்கண்ணில் பளபளத்தது. "பழையது என்றால் இன்னும் சிறப்பு."

"ஒரு கீறல்கூட இல்லை. நான் யாரையும் தொட விட்டதில்லை."

வெள்ளிப் பாத்திரத்தின்மேல் ஒரு மனிதனுக்கு எவ்வளவு பக்தி என்று வியந்தேன். "துடைத்துக் கொண்டுவாருங்கள். போதும்."

"பிறகு அதை அவுஃப்லேகன் செய்ய வேண்டுமா?" என்று கேட்டார். அச்சொல்லுக்கு 'மேலே எடுத்து வைத்தல்' என்று பொருள். மேசைமேல் எடுத்து வைப்பதைத்தானே கேட்கிறார்?

"கட்டாயம். சபையார் அனைவர் முன்னிலையிலும்."

"இரண்டு பக்கமுமா?"

பெண் பக்கம், மாப்பிள்ளை பக்கம் என்பதை என்ன நுட்பமாகப் பிடித்துக்கொண்டார் என்று நான் மகிழ்ந்துபோனேன். "இரண்டு பக்கமும் இல்லாமல் எப்படி? ஒரு பக்கத்தோடு நிறுத்தினால் அது முறையே அல்ல."

ரூடியின் கண்கள் கலங்கின. என் கையைப் பற்றிக்கொண்டார். "இப்படியொரு மக்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு இவ்வளவு நாளும் தெரியாதே. என் மனைவி இதைக் கேட்க இருந்திருக்க வேண்டும். லூகாஸுக்குச் சொல்ல வேண்டாம், இது தகப்பன்மார் காரியம்" என்றார்.

அவர் போனபின் பரமேஸ் கேட்டாள்: "அந்த மனிசன் என்னத்துக்கப்பா அழுதவர்?"

"பண்பாடு. நல்ல உணர்ச்சியுள்ளவன் பண்பாட்டைக் கேட்டாக் கண் கலங்குவான்."

"ஒரு தட்டத்துக்கோ?"

"உமக்கு அது விளங்காது."

நிச்சயதார்த்த நாள் வந்தது. பீலில் ஒரு தேவாலயத்தின் கூட்ட மண்டபத்தை எடுத்திருந்தோம். மேடையில் எங்கள் தட்டங்கள் வரிசையாக இருந்தன. உறவினரும் ஊரவரும் மண்டபம் நிறைய. குலம் ஓல்டனிலிருந்து முதல் ஆளாக வந்து, முன்வரிசையில், பரீட்சை மண்டபக் கண்காணிப்பாளர்போல அமர்ந்திருந்தான்.

நல்ல நேரம் நெருங்கியபோது வாசலில் ஒரு சிறிய வான் வண்டி வந்து நின்றது. ரூடி கோட்டும் கழுத்துப்பட்டியுமாக இறங்கினார். அவரும் லூகாஸும் பின்கதவைத் திறந்து, துணி போர்த்திய பெரிய பெட்டிகளைச் சுமந்துவந்து மேடையோரம் வைத்தார்கள். பலகாரம் கொஞ்சம் அதிகமோ என்று நான் பெருமிதத்தோடு நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அத்தான்" என்று குலம் அழைத்தான். "பலகாரப் பெட்டிக்கு வயர் எதுக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் ரூடி மேடையேறிவிட்டார். இரண்டு கைகளாலும், குனிந்து, மிகுந்த மரியாதையோடு ஒரு சதுரமான மட்டையை என்னிடம் நீட்டினார். அது கறுப்பு. ஓரம் முதல் ஓரம் வரை முழுக் கறுப்பு. ஓர் எழுத்தில்லை, ஒரு பூவில்லை, ஒரு பொட்டில்லை.

"கடவுளே, கறுப்பு!" என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

சுபகாரியத்தில் நாங்கள் குடையைக்கூடக் கறுப்பில் கொண்டுவருவதில்லை. ஆயினும் பெற்றுக்கொண்டேன். மிகவும் இலேசாக இருந்தது. புன்னகை மாறாமல், தணிந்த குரலில் ஜெர்மனில் கேட்டேன்: "பிளாட்ட எங்கே?"

"உள்ளே!" என்றார் ரூடி, குழந்தைபோல. மட்டைக்குள் விரல்நுனிகளை விட்டு, வட்டமான, கறுப்பான, வரிகள் ஓடிய ஒன்றை வெளியே எடுத்து உயர்த்திக் காட்டினார்.

இசைத்தட்டு.

ஜெர்மனில் இசைத்தட்டுக்கும் பிளாட்ட என்றுதான் பெயர். அதை எந்திரத்தில் ஏற்றி ஒலிக்கவிடுவதற்கும் அவுஃப்லேகன் என்றுதான் பெயர். கீறல், துடைத்தல், பழையது, சிறந்தது, இரண்டு பக்கமும்... நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொன்றாகத் திரும்பிவந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. நம் மொழியாவது என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டாமா? அதுவும் இதற்கு 'இசைத்தட்டு' என்றே பெயர் வைத்திருக்கிறது! தம்மிடையே எந்த உறவும் இல்லாத இரண்டு மொழிகள், என்னைக் கவிழ்ப்பதற்கென்றே கூடிப் பேசி முடிவெடுத்ததுபோல இருந்தது.

(இங்குதான் நான் விரைவாக அமர்ந்தேன்.)

லூகாஸ் என் காதருகில் குனிந்தார். தந்தை எந்த இசைத்தட்டைக் கொண்டுவந்திருக்கிறார் என்று அவருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கிறது.

"மாமா, இது சும்மா பிளாட்ட இல்லை. ஜெர்மனியில எழுபதுகளில செய்தது. முதல் பதிப்பு. அப்பா என்னையே தொட விடமாட்டார். இதுக்குப் பிறகுதான் உலகத்தில மின்னிசை எல்லாம் மாறினது. இண்டைக்கு வாற எல்லாப் பாட்டிலயும் இது கொஞ்சம் இருக்கு. அம்மாவும் அப்பாவும் இந்தப் பிளாட்டக்குத்தான் முதல்முதல் ஒண்டா ஆடினவை."

"என்ன வகை இசை?"

"கிரவுட்-ரொக்."

கிரவுட் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் கிழமைதோறும் அந்த முட்டைக்கோசை மலைமலையாக வெட்டியிருக்கிறேன். கோவா. என் ஒரே மகளின் நிச்சயதார்த்தத்துக்குக் கோவா இசை.

அதற்குள் ரூடி துணியை நீக்கி, இசைத்தட்டைச் சுழலவிட்டு, ஊசியை வைத்துவிட்டார்.

முதலில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கும் ஒலி. பிறகு மேளம் தொடங்கியது. தொடங்கிய மேளம் எங்கும் போகவில்லை. தையல் இயந்திரம்போல ஒரே அடி, அதே அடி. சரி, தாளம் பிடிக்கிறார்கள், இனிப் பாட்டு வரும் என்று சபை பொறுமையோடு காத்திருந்தது. பாட்டு வரவில்லை. யாரோ இரும்புக் கட்டிலைச் சீமெந்துத் தரையில் இழுத்தார்கள். அதன்மேல் ஒருவர் தொலைதூரத்தில் நின்று எதற்கோ முறைப்பாடு செய்தார். பிறகு கட்டிலைத் திரும்பவும் இழுத்தார்கள்.

சமையற்கட்டிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். "ஆரப்பா மிக்ஸியை நிப்பாட்டாம வந்தது?"

மண்டபப் பராமரிப்பாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், முகம் வெளிறியது, வெப்பமூட்டும் கொதிகலனில் கோளாறென்று எண்ணி நிலவறைக்கு ஓடினார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "தம்பி, வயர் எங்கயோ கழண்டிட்டுது. ஆட்டிப் பாருங்கோ" என்று அறிவுரை கூறினார்.

இதற்கா உலகம் மாறியது? மாறத்தானே செய்யும்! ஒரு நாட்டு இளைஞர்கள் தலைமயிரை வளர்த்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் அடைந்துகிடந்து கட்டில் இழுத்தார்களாம். அதைக் கேட்டு மற்ற நாட்டவர்கள் எல்லோரும் தங்கள் கட்டிலையும் இழுத்தார்களாம். இதற்குச் செல்வாக்கு என்று பெயர். (இதற்கு எப்படி இருவர் சேர்ந்து ஆடினார்கள் என்று கேட்க நாகரிகம் இடம்தரவில்லை.)

குலம் எழுந்தான். அவன் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்க்கும் நிலை என் எதிரிக்கும் வர விரும்பமாட்டேன். நான் விரும்பினாலும் பயனில்லை, அவன்தான் அந்த எதிரி. சபை முழுவதும் கேட்கும்படி அவன் கேட்டான்:

"அத்தான், இது எந்த முறை?"

மண்டபம் என் பக்கம் திரும்பியது. மதுராவைப் பார்த்தேன். அவள் லூகாஸின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். 'தாப்லெட்' என்று அவள் உதடு அசைந்ததாக எனக்குத் தோன்றியது. ரூடியோ எந்திரத்தின் அருகே கண்களை மூடி நின்றார், கன்னத்தில் கண்ணீர். தன் வீட்டில் இருந்ததில் மிகச் சிறந்ததை, நான் கேட்டபடியே, ஒரு கீறலும் இல்லாமல் துடைத்துக் கொண்டுவந்த மனிதர் அவர். இது தவறு என்று நான் ஒரு சொல் சொன்னால், அவர் சபை நடுவே அவமானப்படுவார். என் பிள்ளை வாழப்போகும் வீடு முதல் நாளிலேயே கூனிக் குறுகும். நான் ஆயுள் முழுவதும் மேடைக்குக் கீழே அமர்ந்திருப்பேன்.

நான் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தேன்.

"சபையோரே! 'இது எந்த முறை' என்று என் மைத்துனர் கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்வி. தாலி கட்டும் வேளையில் நாம் ஏன் கெட்டிமேளம் முழக்குகிறோம்? இனிமைக்காகவா? இல்லை! ஒரு தும்மல், ஓர் அமங்கலச் சொல் மணமக்கள் காதில் விழுந்துவிடக்கூடாது என்பதற்காக. கெட்டிமேளத்தில் இராகம் தேடுகிறவன் உண்டா? முழக்கம்தானே முறை! இதோ, மாப்பிள்ளை வீட்டார் தங்கள் நாட்டுக் கெட்டிமேளத்தை ஒரு தட்டிலேயே பதித்து, நம் கையில் தந்திருக்கிறார்கள். தட்டம் மாற்றும் முறைகளில் இது மிக அரியது. இதற்குப் பெயர் இசைத்தட்டம். இந்த முழக்கத்தில் எந்த அமங்கலச் சொல்லாவது உங்கள் காதில் விழுந்ததா?"

உண்மையில் எந்தச் சொல்லுமே யார் காதிலும் விழவில்லை. ஒரு கணம் மண்டபத்தில் கட்டில் இழுபடும் ஓசை மட்டும் இருந்தது. பிறகு, வயரை ஆட்டச் சொன்ன அதே பெரியவர் தலையை அசைத்தார்.

"ஓமோம். எங்கட பக்கத்திலயும் முந்தி இருந்தது. இப்ப ஆர் செய்யினம்?"

கைதட்டல் எழுந்தது. இல்லாத ஒன்றை நினைவுகூர்ந்த அந்த மனிதருக்கு நான் இன்றளவும் கடமைப்பட்டிருக்கிறேன். குலம் அமர்ந்தான். அமரும்போது கேட்டான்: "சரி அத்தான். இந்தக் கெட்டிமேளம் எவ்வளவு நேரத்துக்கு?"

"இப்ப முடிஞ்சிடும்" என்றேன். சொல்லி வைத்ததுபோல ஊசி எழும்பியது. மண்டபம் மூச்சுவிட்டது. நான் எங்கள் தட்டத்தைக் கையில் எடுத்தேன். ரூடி கண்களைத் திறந்து, என்னைப் பார்த்து அன்போடு விரலை ஆட்டினார். நான் மறந்துவிட்டதை நினைவூட்டுகிறாராம்.

"இரண்டு பக்கமும்!" என்று சொல்லி, இசைத்தட்டைத் திருப்பிப் போட்டார்.

இரண்டாம் பக்கத்தில் கட்டில் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு குழாய் சொட்டியது. நெடுநேரம் சொட்டியது. இடையிடையே ஒருவர் பெருமூச்சு விட்டார். மண்டபத்தில் இருந்த கைக்குழந்தைகள் அத்தனையும் உறங்கிவிட்டன என்பதை நேர்மையின் பொருட்டுப் பதிவுசெய்கிறேன். கைக்குழந்தையல்லாத சிலரும் உறங்கினார்கள். நல்ல நேரம், யாரையும் கேட்காமல், தன்பாட்டில் கடந்துபோனது.

ஒருவாறு குழாயும் நின்றபின், எங்கள் தட்டத்தை முறைப்படி ரூடியிடம் கொடுத்தேன். அவர் வணங்கிப் பெற்றுக்கொண்டார். பிறகு வெற்றிலையை மெல்ல ஒதுக்கிப் பார்த்தார். வாழைச்சீப்பைத் தூக்கி அடியில் பார்த்தார். தேங்காயைச் சற்று நகர்த்தினார். நிமிர்ந்து, தேடியதைக் காட்டிக்கொள்ளக் கூசியவராய்க் கேட்டார்:

"உங்களுடையது?"

தன் உயிரைக் கொடுத்தவருக்கு நான் வாழைப்பழம் கொடுத்திருக்கிறேன். 'மாற்றிக்கொள்வது முக்கியம்' என்று சொன்னவன் நான். இப்போது முறை தவறப்போகிறது, அதுவும் என் கையால். நாங்கள் கொடுப்பதற்கு வீட்டில் ஓர் இசைத்தட்டும் இல்லை.

பின்னாலிருந்து பரமேஸின் குரல் கிசுகிசுத்தது. "இஞ்சருங்கோ, உங்கட பேச்சு இறுவட்டு ஒரு பெட்டி காருக்குள்ள கிடக்குத்தானே. அதில ஒண்டைக் குடுங்கோவன்."

"அது பண்பாட்டுச் சொற்பொழிவு!"

"வட்டமாத்தானே இருக்கு?"

அவள் சொன்னது உண்மை. என் உரையொன்றை, எதிர்காலச் சந்ததிக்கென்று, சிடி எனப்படும் இறுவட்டில் பதிப்பித்திருந்தேன். (எதிர்காலச் சந்ததி இன்னும் வந்து சேராததால் பெட்டி நிறையவே இருந்தது.) மதுரா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் ஒன்றை எடுத்துவந்தாள். உறையில் நான் பொன்னாடையோடு நிற்கும் படம். ரூடி அதை இரண்டு கைகளாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அன்றைய சபையில் அழாமல் இருந்த சிலரும் அப்போது அழுதார்கள். எதற்கு அழுதார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

இத்தோடு முடிந்ததென்று எண்ணினேன். சில நாட்களின் பின் ரூடி தொலைபேசியில் அழைத்தார். குரலில் ஒரு படபடப்பு.

"முழுவதும் கேட்டேன். இவ்வளவு துணிச்சலான பதிவை நான் நெடுங்காலமாகக் கேட்டதில்லை. ஒரே குரல். மெட்டு இல்லை. தாளம் இல்லை. எங்கும் இறங்குவதே இல்லை. கோபம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. நடுவில் ஒருவர் இருமுகிறார் பாருங்கள், அந்த இடம்! பிறகு சொல்லின் நடுவிலேயே அறுந்து நிற்கிறது. அந்த முடிவை எப்படிச் சிந்தித்தீர்கள்?"

"பதிவுக் கருவியில் இடம் முடிந்துவிட்டது" என்றேன், மிகுந்த கட்டுப்பாட்டுடன். "அது சங்க காலம் முதல் இன்றுவரையிலான விருந்தோம்பல் பற்றிய ஆய்வுரை."

"வருந்தாதீர்கள்" என்றார் அவர் பரிவோடு. "எங்கள் இசைத்தட்டு வந்த காலத்திலும் பலருக்கு விளங்கவில்லை."

ரூடியின் நண்பர்கள் மாதந்தோறும் கூடி இசைத்தட்டுக் கேட்பவர்கள். இப்போது என் உரையையும் விளக்குகளை அணைத்துவிட்டுக் கேட்கிறார்களாம். இரண்டாம் தொகுதி எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார்கள். தமிழே அறியாத அத்தனை பேர் என் உரையை முழுமையாகக் கேட்டிருக்கிறார்கள்; தமிழறிந்தவர்களில் அப்படி எவரையும் எனக்குத் தெரியாது. இதற்கு மகிழ்வதா, வழக்குத் தொடுப்பதா என்று நான் இன்னும் முடிவுசெய்யவில்லை. வீட்டில் நான் ஏதேனும் விளக்கத் தொடங்கினால், "அப்பா, ஒரு பக்கம் போதும்" என்கிறாள் மகள். "இல்லை, ரெண்டு பக்கமும்!" என்கிறார் மருமகன். இந்த நகைச்சுவைக்கு வயதாகிவிட்டது என்று பலமுறை கண்டித்தும் பயனில்லை.

ஆனால் என் உண்மையான தண்டனை போன மாதம்தான் வந்தது. துன் நகரத்திலிருந்து முன்பின் அறியாத ஒரு பெண்மணி அழைத்தார். அங்கே ஏரிக்கரை விடுதியொன்றில் வேலையாம்.

"ஐயா, மகளுக்கு நிச்சயம் வைச்சிருக்கு. பொடியனும் எங்கட ஆக்கள்தான், மன்னார். தட்டம் ஏழும் சரிப்பண்ணியாச்சு. இசைத்தட்டத்தைப் பற்றித்தான் உங்களிட்டக் கேக்கவேணும். அது கறுப்பாத்தான் இருக்கவேணுமோ, வேற நிறமும் ஆகுமோ?"

நான் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தேன். அப்படியொரு முறையே கிடையாது, அது ஒரு சொல்லின் கோளாறால் நேர்ந்த விபத்து என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"இஞ்ச கொஞ்சப் பேர் இது புது நாகரிகம் எண்டு கதைக்கினம், ஐயா. நான் சொல்லிப்போட்டன், பீலில ஐயாவின்ர வீட்டிலயே நடந்தது, அவரை விட்டா முறை தெரிஞ்ச ஆர் இருக்கினம் எண்டு."

திறந்த வாயை மூடினேன்.

"கறுப்பு ஆகும்" என்றேன். "ஆனா அதோட எட்டுத் தட்டமாகுது. சுபகாரியத்தில இரட்டைப்படை கூடாது. ஒன்பதா வைக்கவேணும்."

"ஐயோ, நல்லவேளை கேட்டன்! ஒன்பதாவதில என்னய்யா வைக்கிறது?"

காருக்குள் கிடந்த இறுவட்டுப் பெட்டியை நினைத்துக்கொண்டு, முகவரியைச் சொல்லுமாறு கேட்டு எழுதிக்கொண்டேன். அடுப்படியில் என் மனைவி சிரித்த சிரிப்பை மட்டும் நான் மன்னிப்பதாக இல்லை.